நித்தியகல்யாணியில் வைத்த புழு

அந்தப் புழுவை நான்தான் எடுத்து நித்தியகல்யாணிச் செடியில் வைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் இழுத்தடித்துக் கடைசியில் சொல்வது என் பழக்கம். அந்தப் பழக்கம் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் காகிதங்கள் தயார் செய்யும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. பெட்டிக்குள் இருப்பது ஒன்று, காகிதத்தில் இருப்பது இன்னொன்று என்றால் கண்டெய்னர் அந்த இடத்தை விட்டு நகராது. அதனால் ஒரு எழுத்து மாறினாலும் எனக்குப் பொறுக்காது. "கண்ணால பாத்ததத்தானய்யா எழுதச் சொல்லுதேன், கத எழுதவா சொல்லுதேன்?" என்று நான் கத்துவது கீழே டீக்கடை வரைக்கும் கேட்கும் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். கேட்கட்டும் என்றுதான் கத்துவேன்.

பூச்சிப் பைத்தியம் எனக்குப் பிடித்தது நாற்பது வயதுக்கு மேல். ஒரு மழைநாளில் அலுவலக மேசைமேல், கையெழுத்துக்குக் காத்திருந்த காகிதத்தின்மேல், ஒரு விட்டில் வந்து உட்கார்ந்தது. மரப்பட்டை நிறம், இறக்கையில் இரண்டு கண். போனில் படம் எடுத்து, யாரோ சொல்லிக்கொடுத்த ஒரு செயலியில் போட்டேன். நான் டீ குடித்து முடிப்பதற்குள், முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ அதற்குப் பெயர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் உப்பள வரப்பு, ஆற்று முகத்துவாரம், உடைமரக் காடு. எந்தப் பூச்சி, எந்த இடம், எந்த நாள், எந்தச் செடிமேல் என்று நான்கையும் எழுதினால்தான் அது பதிவு. இல்லாவிட்டால் வெறும் படம். பூச்சிக்கும் காகிதம் போட ஆரம்பித்துவிட்டேன் என்று என் மனைவி சிரிப்பாள்.

எங்கள் பக்கத்துப் பூச்சிக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் நான் ஒரு நாட்டாமை. ஒருமுறை ஒரு கல்லூரிப் பேராசிரியர், வண்டு ஒன்று ஓடாமல் இருப்பதற்காக அதை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மரத்துப்போனதும் ரோஜா இதழ்மேல் உட்காரவைத்துப் படம் போட்டார். எனக்கு வந்ததே கோபம். "இது பதிவு இல்லை, ஜோடனை. அந்த வண்டுக்கும் ரோஜாவுக்கும் என்ன சம்பந்தம்? நாளைக்கு ஒருத்தன் இதைப் படித்துவிட்டு வண்டு ரோஜா தின்னும் என்று நம்பினால் யார் பொறுப்பு?" என்று நீளமாக எழுதினேன். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். பேராசிரியர் குழுவை விட்டுப் போய்விட்டார். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

எங்கள் குடியிருப்பின் வாசல் கேட்டுக்கு இடப்பக்கம், காம்பவுண்டுக்கு வெளியே, ஆனால் குடியிருப்புக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலத்தில் உகாய் மரம் ஒன்று நின்றது. கடற்கரை மண்ணில் தானாக வளர்கிற மரம். பல் குச்சிக்கு ஒடிப்பார்கள், இலையைக் கடித்தால் கடுகுக் காரம் அடிக்கும். கிளைகள் தரை வரைக்கும் தொங்கிக் குடை மாதிரி நிழல் கொடுக்கும். எங்கள் தெருவில் வேறு உகாய் கிடையாது. வேறு நிழலே கிடையாது என்றும் சொல்லலாம்.

அந்த நிழலில்தான் மீன்கார அக்கா கடை போட்டிருந்தார். கடை என்றால் ஒரு பலகை, ஒரு அரிவாள்மணை, இரண்டு தட்டு, நனைத்த சாக்கு. காலையில் ஏலம் முடிந்து எட்டு மணிக்கு வருவார். பன்னிரண்டுக்குள் விற்றுவிட்டுப் போவார். எனக்கு நாலைந்து வயது மூத்தவர். கடலுக்குப் போன கணவர் திரும்பாமல் போன பிறகு, அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் இரண்டு பெண்களைக் கரையேற்றினார். நான் மரத்துக்குள் தலையை விட்டு இலைகளைப் புரட்டுவதைப் பார்த்து முதலில் என்னைக் கிறுக்கன் என்று நினைத்தாராம். அதை என்னிடமே சொன்னார்.

ஆனால் அந்த மரத்தில் எனக்குக் கிடைத்ததில் பாதி அவர் காட்டியது. ஒருநாள் அலுவலகத்துக்குக் கிளம்பிய என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"எய்யா, இங்கன வா. உன் பூச்சி குடும்பத்தோட வந்து எறங்கியிருக்கு."

இலைக்கு அடியில் கொத்தாக முட்டை. பக்கத்து இலையில் பொரிந்த குட்டிப் புழுக்கள், வரிசையாகப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி தின்றுகொண்டிருந்தன. அவை வளர்ந்து என்னவாகும் என்று எனக்குத் தெரியும். சிறகெல்லாம் இளஞ்சிவப்பும், ஓரத்தில் கறுப்புமாக வெயிலில் பறக்கிற சின்ன வண்ணத்துப்பூச்சி. அக்கா அதற்கு 'இறால் பூச்சி' என்று பெயர் வைத்திருந்தார். அவித்த இறால் நிறம் அது. அறிவியல் பெயரைவிட எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்தது.

இரண்டு வாரத்தில் புழுக்கள் நன்றாகக் கொழுத்தன. படம் எடுக்கப் போனால் சரியாக வரவில்லை. புழுவும் பச்சை, இலையும் பச்சை. இலைமேல் தெருத்தூசி. பின்னால் அக்காவின் நீல பிளாஸ்டிக் டப்பா, மீன் செதில். எத்தனை கோணத்தில் படுத்து எடுத்தாலும் டப்பா உள்ளே வந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒரு புழுவை இலையோடு கிள்ளி எடுத்து, மாடிக்குப் போய், எங்கள் பால்கனித் தொட்டியில் என் மனைவி வளர்த்த நித்தியகல்யாணியில் வைத்தேன். பூவுக்குக் கீழே காம்பைப் பிடித்துக்கொண்டு அது தலையைத் தூக்கிப் பார்த்தது. பின்னால் காலை வெயில். கிளிக்.

"மாப்பிள்ளைக்கு ஸ்டூடியோல வச்சு போட்டோ எடுக்குத மாதிரில்லா இருக்கு" என்றாள் மனைவி, துணி உலர்த்திக்கொண்டே.

புழுவைத் திரும்பக் கொண்டுபோய் மரத்தில் விட்டேன். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

படத்தைச் செயலியில் பதிவேற்றி, குழுவிலும் போட்டதும் குழுவே கொண்டாடியது. அதில் ஒருவர் கேட்டார்: "எந்தச் செடியில் இருந்தது?" படத்தில் பூ தெரிகிறது. நான் 'நித்தியகல்யாணி' என்று எழுதினேன். பொய்யா? அந்த நிமிடம் அது அந்தச் செடிமேல்தானே இருந்தது! இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் விடவில்லை. "ஆச்சரியமாக இருக்கிறதே, இதுவரை அதில் யாரும் பார்த்ததில்லையே, அதைத் தின்கிறதா?" என்றார். அப்போது ஒரு வரி எழுதியிருந்தால் போதும்: நான்தான் எடுத்து வைத்தேன். எழுதப் போனேன். கை நின்றுவிட்டது. ரோஜாப்பூ பேராசிரியருக்கு நான் எழுதிய அந்த நீளமான செய்தி இன்னும் குழுவில் எல்லோர் போனிலும் கிடந்தது. அதைக் கத்தரித்து எனக்கே யாராவது அனுப்பினால்? "கவனித்துச் சொல்கிறேன்" என்று எழுதிவிட்டுப் போனை மூடினேன். கவனிக்கவுமில்லை, சொல்லவுமில்லை.

புது வருடத்துக்குக் குழுவில் காலண்டர் போட்டார்கள். என் படத்துக்கு ஒரு மாதம் கொடுத்தார்கள். அடியில் அச்சில் இருந்தது: 'நித்தியகல்யாணிச் செடியில் வளரும் புழு'. பார்த்ததும் திருத்தச் சொல்ல நினைத்தது உண்மை. ஆனால் கீழே என் பெயரும் இருந்தது. அதுவும் உண்மை. எங்கள் குடியிருப்புச் சங்க அறைக்கு ஒரு காலண்டரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆணியும் நானே அடித்தேன். வெட்கம் கெட்டவன்.

அந்தக் கோடையில் மரத்துக்கு வினை வந்தது. உகாய்ப் பழம் சிறிது, கறுஞ்சிவப்பு. மைனாக்கள் கூட்டமாக வந்து தின்றுவிட்டு, கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்த கார்கள்மேல் ஊதா ஊதாவாக எச்சமிட்டன. மீன் வாடை என்று இரண்டு வீட்டுக்காரர்கள் முன்பே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மரத்தை எடுத்துவிட்டுத் தளம் போட்டால் கார் நிறுத்த இடமாச்சு என்று பேச்சு எழுந்தது. மரம் போனால் அக்காவும் போகவேண்டியதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அக்கா என்னிடம் வந்தார். கையைக்கூடக் கழுவாமல், மீன் வெட்டிய கையோடு.

"எய்யா, மரத்த வெட்டப் போறாவளாமே. வெயிலுல வச்சா சாள மீனு ஒரு மணி நேரம் தாங்காதுய்யா. இங்கன விட்டா நான் எங்கன போயி உக்காருவேன்? எனக்காவ ஒண்ணும் கேக்க வேண்டாம். உன் பூச்சி இருக்குன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாவ. படிச்ச புள்ள நீ."

"கவலப்படாதீங்கக்கா. நான் பேசுதேன்" என்றேன். நிஜமாகவே எனக்கு நம்பிக்கை இருந்தது. பேசி ஜெயித்துவிடுவேன் என்ற திமிரும் இருந்தது.

சங்கக் கூட்டம் ஞாயிறு காலை. இருபது பேர் இருந்திருப்பார்கள். என் மனைவியும் வந்திருந்தாள். செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நல்ல மனிதர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. நான் எழுந்து, முட்டையிலிருந்து ஆரம்பித்து, கூட்டுப்புழு வரை பேசினேன். வண்ணத்துப்பூச்சி கண்ட இலையில் முட்டை போடாது, தன் பிள்ளை தின்னும் இலையைத் தேடிப்போய்த்தான் போடும் என்றேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். கார்காரர்கள்கூடக் கேட்டார்கள்.

வாத்தியார் கடைசியில் சொன்னார்: "தம்பி, நம்ம தெருவுல இந்த மரத்த விட்டா அந்தப் பூச்சிக்கு வேற நாதி இல்லன்னு நீங்க சொல்லுங்க. மரத்தத் தொடக் கூடாதுன்னு நானே எழுதிருதேன். அந்த அம்மாவும் இருந்துட்டுப் போகட்டும். கார வேற எங்கயாவது விட்டுக்கிடுவோம்."

நான் வாயைத் திறப்பதற்குள், காலண்டருக்கு அருகே உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து பக்கங்களைப் புரட்டினார். "சார், இவுகளே எடுத்த படம் இங்கன இருக்கு. நித்தியகல்யாணில வளருதுன்னுல்லா போட்டிருக்கு?"

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்ப் படித்தார். திரும்பி என்னைப் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல, ஒரு சந்தோஷத்தோடு. "அப்படியா தம்பி? நித்தியகல்யாணிலயும் வளருமா?"

என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொட்டி அவளுடையது. நான் புழுவை வைத்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

ஒரே வார்த்தை. 'வளராது, நான் ஜோடிச்சது' என்று சொன்னால் முடிந்தது. மரம் நிற்கும், அக்கா உட்கார்ந்திருப்பார். என் மானம்தான் போகும். அதுவும் எவ்வளவு போய்விடும்? நாலு பேர் சிரிப்பார்கள், குழுவில் இரண்டு நாள் பேசுவார்கள். அந்த நேரத்தில் அது எனக்கு மலையாகத் தெரிந்தது.

"அதுலயும்... பாத்திருக்கேன்" என்றேன்.

"அப்ப பிரச்சனையே இல்லையே!" என்றார் வாத்தியார். "வரிசையா தொட்டி வச்சிருவோம். பூவும் ஆச்சு, பூச்சியும் ஆச்சு." எல்லோரும் கைதட்டினார்கள். தீர்மானம் எழுதப்பட்டது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

படியேறும்போது மனைவி சொன்னாள்: "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா." நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன், நீ ஏன் சொல்லவில்லை என்று. அந்தக் கேவலத்தையும் செய்தேன்.

மறுநாள் காலை அக்காவைக் கடக்காமல் அலுவலகம் போக வழியில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனேன். கூப்பிட்டுவிட்டார்.

"என்னய்யா மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டுப் போற? நீ அரை மணி நேரம் எந்திச்சு நின்னு பேசுனியாமே, வாச்மேன் சொன்னான். எவன்யா எங்களுக்காவ அவ்வளவு பேசுவான்? விடு, நடக்குதது நடக்கட்டும்." சொல்லிக்கொண்டே நான்கு ஊளி மீனைப் பையில் போட்டு என் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டில் பொரித்தார்கள். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. இதை எழுதும்போது அதுதான் எனக்கு ரொம்பக் கூசுகிறது.

மரத்தை வெட்டிய சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். இயந்திர ரம்பத்தின் சத்தம் கொஞ்ச நேரம்தான் கேட்டது. அவ்வளவு பெரிய நிழலுக்கு அவ்வளவு நேரம்தான் தேவைப்பட்டது. மதியம் வாத்தியார் போன் செய்தார்.

"தம்பி, கேமராவ எடுத்துட்டுக் கீழ வாங்க. உங்களுக்கு ஒரு சந்தோசச் செய்தி."

போனேன். மரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஆறு புதுத் தொட்டி, ஆறிலும் நித்தியகல்யாணி. வெட்டிப்போட்ட கிளைகளிலிருந்து வாத்தியாரும் வாச்மேனும் ஒவ்வொரு புழுவாகப் பொறுக்கி அந்தச் செடிகளில் வைத்திருந்தார்கள். வெயிலில் குனிந்து பொறுக்கியதில் வாத்தியாருக்குச் சட்டையெல்லாம் வேர்வை. "ஒண்ணுகூட விடல தம்பி, எல்லாத்தையும் ஏத்திட்டோம். எடுங்க படம்" என்றார்.

புழுக்கள் இலை நுனி வரைக்கும் ஏறின, தலையை ஆட்டித் தேடின, திரும்பி இறங்கின. தண்டு வழியாகத் தொட்டி விளிம்புக்கு வந்து, சுட்டுக்கிடந்த தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஏறின. ஒரு இலையில்கூட ஒரு கடி இல்லை.

"புது எடம்லா, பழகணும்" என்றார் வாத்தியார்.

நான் படம் எடுத்தேன். ஆமாம், அப்போதும் சொல்லவில்லை. எடுப்பது போல் பாவனை செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எடுத்தேன். அவர் உள்ளே போனதும் கைக்குக் கிடைத்த புழுக்களை ஒரு செருப்பு டப்பாவில் அள்ளி, வெட்டிய கிளைகளிலிருந்து இலை பறித்துப் போட்டேன். இலைகள் மூன்று நாளில் காய்ந்தன. பைக்கை எடுத்துக்கொண்டு உப்பளப் பக்கம் போய் வேறொரு உகாய் தேடிப் பிடித்து இலை கொண்டுவந்தபோது டப்பாவில் இரண்டுதான் அசைந்தன. அந்த இரண்டையும் அங்கே கொண்டுபோய் விட்டேன். பிழைத்தனவா தெரியாது.

அக்கா ஒரு வாரம் அதே இடத்தில், போட்ட தளத்துக்கு ஓரமாக, குடை ஒன்றை நட்டுவைத்து உட்கார்ந்து பார்த்தார். காற்றுக்குக் குடை நிற்கவில்லை. பத்து மணிக்கெல்லாம் மீன் கண் வெளுத்துவிட்டது என்று வாங்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அதன்பின் அவர் அங்கே வரவில்லை.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனை எடுத்து, செயலியில் அந்தப் பதிவைத் திறந்து, செடியின் பெயரை உகாய் என்று திருத்தினேன். குழுவிலும் எழுதினேன்: புழுவை நான்தான் இடம் மாற்றி வைத்தேன், காலண்டரில் இருப்பது பொய், பேராசிரியரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். இதயமாக அனுப்பினார்கள். "என்ன நேர்மை சார் உங்களுக்கு!" என்று ஒருவர் எழுதினார். போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. வாத்தியாரிடமும் போய்ச் சொன்னேன். அவர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "நான் என் கையால எடுத்து வச்சேனேய்யா" என்று மட்டும் சொன்னார்.

இன்னும் ஒருவர் பாக்கி. அக்காவைத் தேடிப் போக எனக்கு மேலும் ஒரு மாதம் ஆனது. பேருந்து நிறுத்தம் ஒன்றில் பார்த்தேன். கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்கிறார். நிறுத்தத்துக்குக் கூரை இருந்தது, ஆனால் மீன் கூடையோடு உள்ளே நிற்க விடமாட்டார்கள், வெளியே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "எய்யா, நல்லா இருக்கியா? வீட்டுல சொகமா?" என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படம், காலண்டர், கூட்டம், நான் சொன்ன பொய். முடித்ததும் கேட்டார்:

"நீ நெசத்தச் சொல்லியிருந்தா மரம் நின்னுருக்குமா?"

"தெரியலக்கா..."

"தெரியலன்னு சொல்லாத. நின்னுருக்குமா?"

"நின்னுருக்கும்."

அவர் கூடையை இறக்கிக் கீழே வைத்தார். சாக்கை விலக்கி மீன்களைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொஞ்சம் தெளித்தார். மறுபடி மூடினார்.

"எங்களுக்காவப் பேசுன புள்ளைக்கு ஒரு கொறையும் வரக்கூடாதுன்னு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துனேன்" என்றார். "வாராவாரம் கொளுத்துதேன். நேத்தும் கொளுத்துனேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"போ. வெயிலுல நிக்காத" என்றார்.

நான் போய்விட்டேன்.